பூசணம் பிடித்த குளம்

அந்த அம்மாளின் பெயரை நான் எழுதப்போவதில்லை. மறந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இனிஷியலோடு, பட்டத்தோடு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் பஞ்சாயத்து போர்டு ஒரு தடவை அந்தப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, பசை தடவி, குளக்கரைக் கம்பத்தில் ஒட்டியது. அவர் பெயருக்கு இந்த ஊர் செய்த மரியாதை அதோடு போதும்.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. திருவொற்றியூருக்கு வடக்கே, ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த அந்தப் பஞ்சாயத்து ஆபீஸில் நான் குமாஸ்தா. ஜன்னலைத் திறந்தால் எதிரே குளம். கடலுக்குக் கூப்பிடு தூரம்தான், ஆனால் தண்ணீரில் ஒரு துளி உப்புக் கரிக்காது. மீனவர் குப்பம் மொத்தமும் அதைத்தான் குடித்தது. 'நல்ல தண்ணிக் குளம்' என்பதுதான் அதன் பெயரே.

சனிக்கிழமைதோறும் காலை ரயிலில் அந்த அம்மாள் ராயபுரத்திலிருந்து வந்து இறங்குவார். ஏதோ ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் வாத்தியாரம்மா. வயது முப்பத்தைந்து இருக்கும். குள்ளம். கண்ணாடிக்கு ஒரு கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். கையில் சோடா பாட்டில் அடுக்குகிற கம்பிக்கூடை, அதில் அகல வாய் பாட்டில்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளத்தில் இறங்கி, கொஞ்சம் தண்ணீர், ஊறிப்போன இலை, சுள்ளி என்று எடுத்து பாட்டிலில் போட்டுச் சீட்டு ஒட்டுவார். நல்ல தண்ணீரில் எத்தனை வகைப் பூஞ்சைகள் வாழ்கின்றன என்று கணக்கெடுப்பதுதான் அவர் வேலை. சம்பளத்துக்குச் செய்த வேலை அல்ல, தானாக இழுத்துப் போட்டுக்கொண்டது. காலடிப்பேட்டையில் ஆரம்பித்து மீஞ்சூர் வரை பதினோரு இடத்தில் எடுத்தார். கோயில் குளம், ஏரி, வயல் வாய்க்கால், தோட்டத்துக் கிணறு எதையும் விடவில்லை.

முதல் நாள் அனுமதி கேட்டு என் மேஜைக்கு முன் வந்து நின்றார். நான் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அந்தக் குளத்துல பாசியைத் தவிர ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

"பார்த்தீங்களா?"

"பார்க்கிறதென்னங்க, தினமும் எதிர்லதானே இருக்கு."

"எதிர்ல இருக்கான்னு கேக்கலை. பார்த்தீங்களான்னு கேட்டேன்."

இதுதான் அவர். 'பார்த்தீங்களா?' என்கிற ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஊரையே ஒரு வழி பண்ணினார். மீஞ்சூர் வண்டி போய்விட்டது என்று கேட் காவலாளி சொன்னால், "போனதைப் பார்த்தீங்களா?" என்பார். அவன் தலையைச் சொறிவான். வண்டி வந்து நிற்கும். நாளைக்கு மழை வருமா என்று யாராவது கேட்டுத் தொலைத்தால், "நாளைக்குப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்பார். கேலிக்கு அல்ல, நிஜமாகவே அப்படித்தான். பார்க்காத ஒன்றைச் சொல்ல அவர் வாய் திறக்காது. இப்படி ஒரு ஆளோடு குடித்தனம் பண்ண முடியுமா என்று நாங்கள் ஆபீஸில் பேசிச் சிரிப்போம். நாங்கள் எல்லாரும் பார்க்காமலே சொல்லிப் பிழைப்பவர்கள், சிரிக்காமல் என்ன செய்வோம்.

சாதாரணமாகப் பேசும்போது பாடம் நடத்துகிற தமிழ். கோபம் வந்தால் மட்டும் ராயபுரம் வெளியே வந்துவிடும். அவர் அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டியவர். ஒரு சனிக்கிழமை பக்கத்துக் கம்பெனியின் லாரி ஒன்றைக் குளத்துக்குள் பாதி இறக்கி நிறுத்தி, ஒருவன் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். இந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"யோவ்! இன்னாய்யா பண்ற? ஜனங்க குடிக்கிற தண்ணில லாரி கழுவுறியே, அறிவு கீதா உனுக்கு? எட்றா வண்டிய!"

கண்ணாடி போட்ட வாத்தியாரம்மா வாயிலிருந்து இது வந்ததும் அவன் வாளியைக்கூட எடுக்காமல் வண்டியைக் கிளப்பினான். குப்பத்துப் பெண்களுக்கு அன்றைக்கே அவரைப் பிடித்துப்போயிற்று.

அதற்கு முன்னால் ஒரு சின்னக் குழப்பம் இருந்தது. அவர் விரல் நீளத் துணி முடிச்சுகளைக் குச்சியில் கட்டிக் குளத்தில் விடுவார். உள்ளே வேகவைத்த எள், பாம்புச் சட்டைத் துண்டு, வெங்காயத் தோல். தண்ணீரில் எள்ளைப் போட்டால் நம் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? தேசம்மா என்று ஒரு மீன்காரி, குப்பத்துக்கே வாய் அவள்தான். கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் கேட்டாள்.

"இன்னாம்மா, எள்ளு எறைக்கிற? யாரு பூட்டாங்க?"

"யாரும் போகலை. யார் வர்றாங்கன்னு பார்க்கத்தான்."

தேசம்மா பயந்து இரண்டடி பின்னால் போனாள். அந்த அம்மாள் அவளை உட்காரவைத்து விளக்கினார். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு தீனி பிடிக்கும், எள்ளுக்கு ஒன்று வரும், பாம்புச் சட்டைக்கு இன்னொன்று வரும், வந்து ஒட்டிக்கொண்டதும் எடுத்துப் போய்ப் பார்க்க வேண்டும் என்றார்.

"அப்டி சொல்லு, எரை!" என்றாள் தேசம்மா. "நாங்க கடல்ல போடறோம், நீ கொளத்துல போடற. இதுக்குப் போயி நான் பேஜாராயிட்டேன்."

அன்றிலிருந்து குப்பத்துப் பெண்கள் முறைபோட்டுக்கொண்டு அந்த முடிச்சுகளுக்குக் காவல் இருந்தார்கள். மாடு மிதிக்காமல், யாரும் அவிழ்க்காமல் பார்த்துக்கொண்டார்கள். படித்த எனக்குப் புரியாதது அவர்களுக்கு ஒரே வார்த்தையில் புரிந்தது.

ஒரு சனிக்கிழமை மரப்பெட்டியில் மைக்ராஸ்கோப்பையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஆபீஸ் வராந்தாவில் வெளிச்சம் பார்த்து வைத்தார். முதலில் கண் வைத்தது தேசம்மாதான்.

"அய்ய! பை மாதிரி ஒண்ணு கீது... வெடிச்சுகிச்சும்மா! குஞ்சு குஞ்சா வெளிய வந்து நீந்துது! மீனா இது?"

"மீன் இல்லை. நான் சொன்ன பூஞ்சைதான். உங்க குளத்துல விழற இலை, சுள்ளி, செத்த பூச்சி எல்லாத்தையும் இதுங்கதான் தின்னு கரைக்குதுங்க. இதுங்களை அப்புறம் வேற பூச்சி தின்னும், அதை மீன் தின்னும். இதுங்க இல்லைன்னா குளம் என்னைக்கோ குப்பைமேடாயிருக்கும்."

"அப்ப கொளத்துக்குச் சோறும் ஆக்கிப் போட்டு, பாத்திரமும் கழுவுதுன்னு சொல்லு."

அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். என்னையும் கூப்பிட்டார். ஃபைல் இருக்கிறது, அப்புறம் வருகிறேன் என்றேன். ஒரு மண்ணும் இல்லை. மீன்காரிகள் நிற்கிற வரிசையில் குமாஸ்தா போய் நிற்பதா என்கிற வீறாப்பு.

இனி அக்கிரமத்துக்கு வருகிறேன்.

அனுமதி கொடுத்தபோது நான் ஒரு நிபந்தனை சேர்த்திருந்தேன். ஆராய்ச்சி முடிவின் நகல் ஒன்றை ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும் என்று. எதற்கு? ஒன்றுக்கும் இல்லை, நாலு நிபந்தனை போட்டால்தான் அனுமதிக்கு ஒரு கெத்து. அவர் சொன்ன சொல் தவறாமல், எங்கள் குளத்தைப் பற்றி இரண்டு பக்கம் இங்கிலீஷில் டைப் அடித்துக் கொடுத்தார். ஃபைலில் போட்டுக் கட்டினோம். ஒருவரும் படிக்கவில்லை.

சில மாதம் கழித்து லாரி கழுவிய அதே கம்பெனி, கிடங்கு கட்டக் குளத்து இடத்தைக் கேட்டது. ஜனங்கள் குடிக்கிற குளத்தைச் சும்மா தூர்க்க முடியாது, தீர்மானத்தில் ஒரு காரணம் வேண்டும். எங்கள் பிரசிடெண்ட் ஒரு வாரம் காரணம் தேடி அலைந்தார். கடைசியில் அவருக்கு இந்த ஃபைல் ஞாபகம் வந்தது.

"அந்தம்மா குடுத்த ரிப்போர்ட்டு ஒண்ணு கீதே, அத்தத் தமிழ்ல எழுதிப் போடு. மெம்பருங்களுக்குப் புரியணும், அவ்ளோதான்" என்றார். அவ்வளவேதான் சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு என் தமிழ் மேல் கர்வம் உண்டு. பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் இரண்டு தடவை பரிசு வாங்கியவன். அவர் இங்கிலீஷில் எழுதியிருந்த 'ஃபங்கை' என்ற வார்த்தைக்கு அகராதி பார்த்தேன். காளான் என்று இருந்தது, பூசணம் என்று இருந்தது. காளான் என்றால் குடை குடையாக முளைப்பது ஞாபகத்துக்கு வரும் என்று பூசணத்தை எடுத்துக்கொண்டேன். 'இருபத்து மூன்று வகைப் பூசணங்கள் இக்குளத்தில் வாழ்கின்றன' என்று எழுதினேன். அதுதான் அவர் எழுதியிருந்தது. ஆனால் காதுக்கு நன்றாக இல்லை. பூசணம் எங்காவது வாழுமா? ஊறுகாயில் பிடிக்கும், செருப்பில் பிடிக்கும், மழைக்காலத்துச் சுவரில் பிடிக்கும். அடித்துவிட்டு, 'இருபத்து மூன்று வகைப் பூசணம் பிடித்த குளம்' என்று எழுதினேன். ஓட்டமாக இருந்தது. வாய்விட்டு இரண்டு தடவை படித்து ரசித்தேன், வெட்கங்கெட்டவன்.

பிரசிடெண்ட் அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். மீதியை அவரே சொல்லச் சொல்ல எழுதினேன். 'ஆராய்ச்சியாளர் இன்னாரின் அறிக்கைப்படி, இருபத்து மூன்று வகைப் பூசணம் பிடித்த இக்குளம் பொது உபயோகத்துக்கு லாயக்கற்றது.' முன்பாதி என்னுடையது, பின்பாதி அவருடையது, நடுவில் அந்த அம்மாளின் பெயர். அதைத்தான் கம்பத்தில் ஒட்டினார்கள்.

அடுத்த சனிக்கிழமை அவர் வழக்கம்போலக் கம்பிக்கூடையோடு வந்தார். கரையில் பெண்கள் நின்றிருந்தார்கள். யாரும் நகர்ந்து வழி விடவில்லை. காவல் காத்த முடிச்சுகளைப் பிடுங்கி மணலில் எறிந்திருந்தார்கள். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உனுக்கு நாங்க காவல் இருந்தோமேம்மா" என்றாள் தேசம்மா. "எங்க கொளத்துத் தண்ணிய மொண்டுகினு போயி எங்க வாயிலயே மண்ணப் போட்டுட்டியே."

அவர் கம்பத்தருகே போய்ப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். "இதை நான் எழுதலை" என்றார்.

"ஓம் பேருதானே கீது?"

பெயர் அவருடையதுதான். இருபத்து மூன்று என்ற கணக்கும் அவருடையதுதான். இல்லை என்று அவரால் சொல்ல முடியவில்லை. நான் அப்போதே கீழே இறங்கி ஓடியிருக்க வேண்டும். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

தீர்மானத்தை முடிவு செய்கிற போர்டு கூட்டத்துக்கு அவர் ரிப்போர்ட்டும் மைக்ராஸ்கோப்புமாக வந்து சேர்ந்தார். வாசலில் குப்பத்துப் பெண்கள். உள்ளே ஏழு மெம்பர்கள், பிரசிடெண்ட், மினிட்ஸ் எழுத நான்.

"எல்லாரும் ஒரு தடவை கண் வெச்சுப் பாருங்க, போதும்" என்றார்.

"பாக்கறதுக்கு இன்னாம்மா கீது? அதான் பேப்பர்லயே வந்துடுச்சே" என்றார் பிரசிடெண்ட். ஏழு தலையும் ஆடின. ஒரு கண்கூட அந்தக் குழாய் பக்கம் திரும்பவில்லை.

வாசலிலிருந்து தேசம்மா கேட்டாள்: "பூசணம் இல்லாத தண்ணி எங்க கீது, காட்டு. அங்க போயி மொண்டுக்கறோம்."

"நான் சொல்றேன்" என்று அந்த அம்மாள் தாளைப் பிரித்தார். "நான் பார்த்த பதினோரு இடத்துலயும் பூஞ்சை இருக்கு. கோயில் குளத்துல முப்பத்தொண்ணு. ஏரியில இருபத்தெட்டு. பிரசிடெண்ட் அவர்கள் தோட்டத்துக் கிணத்துல பத்தொன்பது."

யாரோ ஒரு மெம்பர் இருமினார். பிரசிடெண்டுக்கு முகம் கறுத்துவிட்டது.

"என் வூட்டுக் கிணத்துல பூசணம்னு சபைல சொல்றியாம்மா நீ?"

"பூசணம்னு நான் சொல்லலை. நீங்கதான் சொல்றீங்க. உங்க கிணத்துக்கு ஒரு தமிழ், அவங்க குளத்துக்கு ஒரு தமிழா?"

அந்த நிமிஷம் ஜெயித்துவிட்டார் என்றே நினைத்தேன். ஆனால் பிரசிடெண்ட் சாமானியப்பட்டவர் இல்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேஜையில் தள்ளினார். குரல் தேனாக இருந்தது.

"சரிம்மா. இந்தக் கொளத்துத் தண்ணி குடிக்க நல்லதுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இப்பவே தீர்மானத்தக் கிழிச்சிப் போட்டுடறேன்."

 நான் பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நான் பார்த்தது பூஞ்சையை மட்டும்தான். இந்த இருபத்து மூணுல ஒண்ணும் குடிக்கிறவங்களுக்குக் கெடுதல் பண்ற வகை இல்லை, அதை எழுதித் தரேன். குடிக்கத் தகுந்ததான்னு சொல்றதுக்கு வேற சோதனை இருக்கு. அதை நான் பண்ணலை. தண்ணியை அனுப்புங்க, பத்து நாள்ல தெரிஞ்சுடும். அதுவரைக்கும் தீர்மானத்தை நிறுத்துங்க."

"கேட்டுக்கினீங்களா?" என்றார் பிரசிடெண்ட் ஏழு பேரையும் பார்த்து. "அவங்களே நல்லதுன்னு சொல்ல மாட்டேன்றாங்க."

அப்போதுதான் அந்த அம்மாளுக்கு வெடித்தது. "இன்னாய்யா நாயம் இது? பாக்காதத எழுதுன்ற, பாத்து வெச்சிருக்கறத வந்து பாருன்னா மாட்டேன்ற! கண்ணு எதுக்குய்யா வெச்சிகினு கீறீங்க?"

மெம்பர்கள் சிரித்தார்கள். வாய்விட்டுச் சிரித்தார்கள். வீட்டில் பெண்டாட்டியோடும் பிள்ளையோடும் அதே பாஷை பேசுகிறவர்கள், படித்த பொம்பிளை பேசினதும் இளக்காரமாகிவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. சிரித்துக்கொண்டே கை தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது என்று நான் எழுதினேன்.

வெளியே தேசம்மா அந்த அம்மாளை வழிமறித்தாள். அழுதிருந்தாள்.

"நல்லதுன்னு ஒரு வார்த்த எழுதிட்டா இன்னாம்மா கொறஞ்சி பூடும் உனுக்கு?"

"நாளைக்கு உன் குழந்தைக்கு வாந்திபேதி வந்தா, அந்தக் கையெழுத்தை நான் எங்க கொண்டுபோய் வெப்பேன்?"

"எங்க பாட்டன் முப்பாட்டன் குடிச்ச தண்ணி. அவங்களுக்கு ஒண்ணும் வர்ல. இனிமே ரயில் ரோட்டத் தாண்டிப் போயி யாரு வூட்டுக் கெணத்துல நின்னு கெஞ்சப்போறோமோ, அங்க இன்னா வருதுன்னு பாரு."

இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். இரண்டு நியாயங்களை மோதவிட்டு உள்ளே ஏலக்காய் டீ குடித்துக்கொண்டிருந்தார்களே, அவர்களைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அந்த அம்மாள் திரும்பி என் மேஜைக்கு வந்தார்.

"இந்தத் தமிழ் யார் எழுதினது?"

"நான்தாங்க."

"பூசணம்னு போட்டது தப்பில்லை. அகராதியில அதான் இருக்கும். 'பிடித்த'ன்னு ஒண்ணு இருக்கே, அது என் பேப்பர்ல எங்க இருக்கு? காட்டுங்க."

என் கையெழுத்தில் இருந்த தாளையும் அவர் டைப் அடித்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். விரலை அந்த ஒரு வார்த்தை மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஓட்டத்துக்காகச் சேர்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு குப்பத்துத் தண்ணீர் போய்விட்டது, என்ன ஓட்டம்?

"பிரசிடெண்ட் எழுதச் சொன்னாரா?" என்று அவரே கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். "சேர்த்து எழுதுன்னு கட்டாயப்படுத்தினாரு. நான் சம்பளத்துக்கு உழைக்கிறவன், என்ன பண்ண முடியும்?"

அவர் முகத்தில் இருந்த கோபம் இறங்கியது. "பாவம், நீங்க என்ன செய்வீங்க. உங்களைத் தப்பா நெனைச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார். என்னிடம்.

ராயபுரத்துக்குப் போனதும் மேலதிகாரிகளுக்கு மனு எழுதினார். மனுவின் முக்கியக் குற்றச்சாட்டே இதுதான்: அறிக்கையில் இல்லாத ஒரு சொல்லைச் சேர்க்கும்படி பிரசிடெண்ட் குமாஸ்தாவைக் கட்டாயப்படுத்தினார். விளக்கம் கேட்டு மனு எங்கள் ஆபீஸுக்கே வந்தது. பிரசிடெண்ட் என்னைக் கூப்பிட்டார்.

"நான் உன்ன எப்பய்யா கட்டாயப்படுத்தினேன்?"

"இல்லீங்க."

"அத்த எழுதிக் குடு."

உட்கார்ந்து எழுதினேன். 'மொழிபெயர்ப்பில் எந்தச் சொல்லையும் சேர்க்கும்படி யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.' கையெழுத்துப் போட்டேன், ஆபீஸ் முத்திரை வைத்தேன். அந்த விவகாரம் முழுவதிலும் நான் எழுதிக் கொடுத்ததில் அப்பழுக்கில்லாத உண்மை அந்த ஒரு வரிதான். அந்த வரியைக் காட்டித்தான் மனுவைப் பொய்ப் புகார் என்று தள்ளினார்கள், அவருடைய கல்லூரிக்கு ஒரு நகல் அனுப்பினார்கள், குளத்தில் மண்ணைக் கொட்டினார்கள்.